யூடியூப் மட்டும் ஓடும் டிவி: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் டிவி, டிஷ், ரவுட்டர் பொருத்திக் கொடுப்பது என் வேலை. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாட்களிலும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவில் வரும் சித்திரையிலும் புது டிவிகள் வரிசையாக வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்த கையோடு எனக்கு அழைப்பும் வந்துவிடும். "யூடியூப் வருது தம்பி, மத்தது ஒன்னும் வரல்ல."

ஸ்மார்ட் டிவி இந்தப் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில் நாங்கள் எல்லோரும் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இப்போது புதிதாக வாங்குகிறவர்களும், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமாரும் விழுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டைப் பிழையாக அடிப்பது, வயரை மாற்றிச் செருகுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைத் திருத்தக் காசு செலவாகாது. காசைக் கரைக்கும் தவறுகள் வேறு.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டினால் மட்டும் அது உங்கள் டிவியில் ஓடிவிடாது. அந்த டிவிக்கு அந்தச் சேவைக்காரர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டிலும் அவர் சேவையைத் திறந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் திரையில் எதுவும் வராது.

பெட்டியில் லோகோ இருக்கிறது என்று நம்பி வாங்குவது

இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெட்டியில் "ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் டிவி" என்று பெரிதாக அடித்திருக்கும். பக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் லோகோக்கள். விலை, பெயர் தெரிந்த பிராண்டை விட நன்றாகக் குறைவு. கடைக்காரர் கடையின் வைஃபையில் யூடியூப்பைப் போட்டு ஒரு பாட்டை ஓட்டிக் காட்டுவார். படம் பளிச்சென்று இருக்கும். வாங்குகிறவருக்கு அதோடு மனம் நிறைந்துவிடும்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். 43 அங்குல டிவி, தவணைக்கு எடுத்தது. மகள் நெட்ஃபிளிக்ஸ் படத்தை அழுத்தினாள். திறந்தது டிவிக்கான ஆப் அல்ல, ஃபோனுக்கான ஆப். ரிமோட்டின் அம்புக்குறி பட்டன்களை அழுத்தினால் எதுவும் நகரவில்லை. கடைசியில் ரிமோட்டில் இருந்த மவுஸ் பட்டனைக் கண்டுபிடித்து, திரையில் வந்த சின்ன அம்பை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய் ஒரு படத்தின் மேல் வைத்து அழுத்தினாள். சத்தம் கேட்டது. படம் பழைய சீடி பார்ப்பது போல மங்கலாக வந்தது.

"தம்பி, டிவி பழுதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பழுதில்லண்ணே. இந்த டிவிக்கு அவங்க அனுமதி குடுக்கல்ல."

"பெட்டியில போட்டிருக்கே?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல முடியும்? தேயிலைச் சாக்கில் பிஓபி என்று நல்ல ரகத்தின் பெயரை எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் டஸ்ட் தூள் பிஓபி ஆகிவிடுமா?

நடப்பது இதுதான். ஆண்ட்ராய்டின் அடிப்படைப் பகுதி எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. எந்தத் தொழிற்சாலையும் அதை எடுத்துத் தன் டிவியில் போடலாம். பெட்டியில் "ஆண்ட்ராய்டு" என்றும் அச்சடித்துவிடுகிறார்கள். "ஆண்ட்ராய்டு டிவி", "கூகுள் டிவி" என்பவை வேறு. அவை கூகுள் சோதித்து அங்கீகரித்த, டிவிக்கென்றே செய்த மென்பொருள். அதற்கு மேல் நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்கள் தாங்களும் ஒவ்வொரு கருவியையும் தனியாகச் சோதித்து அனுமதிக்கிறார்கள். மலிவு டிவிகளில் இருப்பது அந்த முதல் வகை. பெட்டியில் "ஆண்ட்ராய்டு 13" என்று எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தாலும் அதற்கும் அங்கீகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

படம் மங்கலாக வந்ததற்கும் காரணம் உண்டு. படத்தைத் திருடாமல் இருக்க இந்தச் சேவைகள் அதைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டைக் கையாள்வது வைட்வைன் என்ற முறை. அதில் எல்1 என்ற உயர்ந்த நிலை அனுமதி உள்ள கருவியில் பூட்டு சிப்புக்குள்ளேயே பாதுகாப்பான இடத்தில் திறக்கப்படும். எச்டியும் 4கேயும் அதற்குத்தான் கிடைக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருளில் திறப்பது. அதற்கு நெட்ஃபிளிக்ஸ் 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் தராது. டிவியின் பேனல், அதாவது திரை, 4கேயாக இருந்தாலும், நீங்கள் ஆக விலை கூடிய திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அது மாறாது. இணைய வேகத்தைக் கூட்டினாலும் மாறாது. இது தெரியாமல் ரவுட்டரை மாற்றி, பேக்கேஜைக் கூட்டி, மேலும் மேலும் செலவழித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அண்ணன் டிவியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "போட்டுத் தாரோம்" என்று சொல்லி, பென்ட்ரைவில் இருந்த எங்கிருந்தோ எடுத்த பழைய ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அப்டேட் கேட்டது. அப்டேட் செய்ததும் பழையபடி நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் இதைச் சொல்கிறேன். அப்படி ஏற்றிக் கொடுப்பதை உதவி என்று நினைக்க வேண்டாம். யார் செய்தது என்று தெரியாத ஆப்பில் அந்த வீட்டுக்காரர் தன் ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் அடிக்கிறார். அங்கீகாரம் இல்லாத கருவிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பேட்பாக்ஸ் 2.0 என்ற தீய மென்பொருள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் அதன் பின்னால் இருப்பவர்கள் மேல் வழக்குப் போட்டது. அங்கீகாரம் இல்லாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள், டிவிகள், புரொஜெக்டர்கள் என்று 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் அது இருந்ததாகக் கூகுள் சொன்னது. சிலவற்றில் தொழிற்சாலையை விட்டு வரும்போதே இருந்திருக்கிறது. வீட்டின் இணைய இணைப்பை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வேறு ஆட்கள் பயன்படுத்த அது வழி செய்யும்.

சரி, கடையில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையின் வைஃபை வேண்டாம். உங்கள் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியை இணையுங்கள். யூடியூப்பை விட்டுவிடுங்கள், அது எதில் போட்டாலும் ஓடும். நீங்கள் பணம் கட்டப்போகும் சேவை எதுவோ அதைத் திறந்து, உங்கள் கணக்கில் உள்ளே போய், ஒரு படத்தைச் சில நிமிடம் ஓட விடுங்கள். ரிமோட்டின் அம்புக்குறியாலேயே எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். மவுஸ் தேவைப்பட்டால் அந்த டிவி வேண்டாம். பிளே ஸ்டோர் இருந்தால் அதன் செட்டிங்ஸில் பிளே புரொடெக்ட் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பட்டன் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பட்டனை யாரும் அச்சடிக்கலாம். முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

"இங்க இப்ப லைன் இல்ல, வீட்ல போனா வரும்" என்று கடைக்காரர் சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ டிவிக் கடை அது ஒன்றுதான் என்றில்லை.

என்ன பார்க்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்குவது

படம், தொடர், கிரிக்கெட் எல்லாவற்றின் ஒளிபரப்பு உரிமையும் நாடு நாடாகத்தான் விற்கப்படுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இலங்கைக்கு வந்தது. பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரில் உலகம் முழுக்கத் திறந்தது. ஆனால் அதே பிரைமில் சென்னையில் தெரியும் எல்லாப் படமும் இங்கே தெரியாது. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பெப்ரவரியில் சேர்ந்து உருவான ஜியோஹாட்ஸ்டார் இந்தியாவுக்கென்று நடத்தப்படுவது. சென்னைக்குப் போய்வந்த சொந்தக்காரர், டிவியில் செருகி இந்த ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்றை வாங்கி வந்தால், அது இந்தியாவில் வாங்கியது என்பதற்காக இந்தியச் சேவைகள் எல்லாம் மஸ்கெலியாவில் திறக்காது. உங்கள் ரவுட்டரின் இணைய முகவரி இலங்கை என்றுதான் காட்டும்.

கூகுள் பிளேயில் நாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். அதை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும். அவசரப்பட்டு மாற்றிவிட்டு, இங்கே தேவையான ஆப்களை இழந்து தவிப்பவர்கள் உண்டு.

அதனால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஆச்சிக்கு வேண்டியது சீரியலா, தம்பிக்கு வேண்டியது கிரிக்கெட்டா, பிள்ளைக்கு வேண்டியது பாட வீடியோவா? அந்தச் சேவை இலங்கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கருவியைத் தேடுங்கள். பாட வீடியோவும் பாட்டும் மட்டும் போதும் என்றால் மலிவு டிவியே போதுமே என்று தோன்றும். பேட்பாக்ஸ் விஷயத்தைப் படித்த பிறகு அதற்கும் எனக்கு மனம் வருவதில்லை.

விபிஎன் இருக்கிறதே என்று நினைப்பது

விபிஎன் என்பது நீங்கள் வேறு நாட்டில் இருப்பது போல இணையத்தில் காட்டும் ஆப். சேவைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துத் தடுக்கிறார்கள், வேகமும் குறையும். அதை நம்பி டிவி வாங்காதீர்கள்.

ஃபோனில் வருகிறது, டிவியிலும் வரும் என்பது

நெட்ஃபிளிக்ஸ் சில நாடுகளில் மொபைல் திட்டம் என்று ஒன்றை மலிவாகக் கொடுக்கிறது. ஃபோனிலும் டேப்லெட்டிலும்தான் ஓடும், டிவியில் ஓடாது. மகன் காசு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டு, அப்பா டிவியில் முயன்று பார்த்து, டிவியைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

ஃபோன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால், பணம் கட்டும் ஆப்களில் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். சத்தம் மட்டும் கேட்கும். அது பழுது அல்ல, பூட்டின் வேலை. காஸ்ட் செய்வது வேறு முறை, ஃபோனில் படத்தைத் தேர்ந்தால் டிவி தானே இணையத்திலிருந்து எடுத்து ஓட்டும். ஆனால் 2025 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் பெரும்பாலான டிவிகளுக்கும் ரிமோட்டுடன் வரும் ஸ்டிக்குகளுக்கும் ஃபோனிலிருந்து காஸ்ட் செய்வதை நிறுத்திவிட்டது. இனி டிவியிலேயே ஆப் ஓட வேண்டும்.

பெரிய பிராண்ட் என்றால் எத்தனை பழையதானாலும் ஓடும் என்பது

கண்டியிலும் கொழும்பிலும் வீடு மாறுகிறவர்கள் விற்கும் பழைய சாம்சங், எல்ஜி டிவிகள் நல்ல விலைக்கு மலைக்கு ஏறி வருகின்றன. பேனல் அருமையாக இருக்கும். உள்ளே இருக்கும் மென்பொருளுக்குத்தான் வயதாகியிருக்கும். சாம்சங்கின் 2010, 2011 மாடல்கள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரோடு நின்றது. அதற்குப் பின் வந்தவற்றுக்கும் ஒவ்வொன்றாக அந்த நாள் வரும். சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ் என்று சொந்த மென்பொருள் இருக்கிறது. பென்ட்ரைவில் ஆண்ட்ராய்டு ஆப்பைக் கொண்டுவந்து ஏற்றவே முடியாது. "நான் ஏத்தித் தாரேன்" என்று யாராவது சொன்னால் அவருக்குத் தொழில் தெரியாது.

ஸ்டிக்குக்கு டிவியின் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுப்பது

பல டிவிகளின் யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் பாதிப் படத்தில் தானாக அணைந்து எழும். கூட வந்த அடப்டரைச் சுவரில் செருகுங்கள்.

4கேக்கு ஆசைப்படுவது

ஃபைபர் இருக்கும் டவுன் வீட்டுக்குப் பரவாயில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் 4ஜி ரவுட்டரில் ஓடும் வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கேயில் 7 ஜிபி வரை. இரண்டு மணி நேரப் படம் ஒன்றுக்கு 14 ஜிபி. 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேகமும் விடாமல் வர வேண்டும். பனி மூட்டமும் மழையுமாக இருக்கும் ஜூன், ஜூலையில், பள்ளத்தில் இருக்கும் தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களில் மாலையில் அந்த வேகம் எங்கே வருகிறது? எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும்.

கரண்ட் போய் வந்த பிறகு ஆப் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது

காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய் வந்த அடுத்த நாள் எனக்கு அழைப்புகள் கூடும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. திகதி பல வருடம் பின்னால் போய் நின்றுவிடும். திகதி பிழையென்றால் எந்தச் சேவையும் பாதுகாப்பான இணைப்பைத் திறக்காது. செட்டிங்ஸில் திகதியைத் தானாக எடுக்கும்படி வையுங்கள்.

மின்னல் நேரம்

கரண்ட் வயரோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்

டிவியைத் தள்ளிவிட வேண்டாம், அடிமாட்டு விலைக்கு விற்கவும் வேண்டாம். பேனல் நல்லதுதான். எச்டிஎம்ஐயில் அங்கீகாரம் உள்ள ஒரு ஸ்டிக்கைப் போட்டால் போதும். கூகுள் டிவி ஸ்டிக்கோ ஃபயர் டிவி ஸ்டிக்கோ, நீங்கள் பார்க்கும் சேவை அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபயர் ஸ்டிக்கில் கூகுள் பிளே கிடையாது. 2025இல் வந்த 4கே செலக்ட் மாடலில் வெளி ஆப் ஏற்றவும் முடியாது. டியூப் டிவி வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐயை ஏவிக்கு மாற்றும் சின்னப் பெட்டியை வாங்கி ஸ்டிக்கைப் போட்டால், பூட்டுக் காரணமாகத் திரை கறுப்பாகவே நிற்கலாம். அதை வாங்குவதற்கு முன்னும் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஸ்டிக் ஓடத் தொடங்கியதும், மலிவு டிவியின் சொந்த வைஃபை செட்டிங்ஸுக்குப் போய் வீட்டு ரவுட்டரை அதிலிருந்து நீக்கிவிட்டு, ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அந்த டிவியில் முன்பு நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் உள்ளே போயிருந்தால், ஃபோனிலிருந்து எல்லாக் கருவிகளிலும் வெளியேறும்படி கொடுத்து, கணக்கின் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.