பழைய சைக்கிள் கலெக்‌ஷன்: எதை வச்சுக்கறது, எதைக் கொடுக்கறது

பழைய சைக்கிள் சேர்க்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்துரும், கொஞ்சம் குறைக்கலாமா வேணாமான்னு. வழக்கமா இடம் பத்தலைன்னுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆனா இடத்தை வச்சு முடிவெடுக்காதீங்க. சுவத்துல கொக்கி அடிச்சா இன்னும் நாலு வண்டி மாட்டிரலாம், அதுல ஒண்ணும் தீராது. பார்க்க வேண்டியது உங்க கைக்கு இருக்கிற நேரத்தை. ஒவ்வொரு வண்டியையும் வருஷத்துல ஒரு தடவையாவது கீழ இறக்கி, துடைச்சு, காத்தடிச்சு, எண்ணெய் விட்டு, ஒரு ரவுண்டு ஓட்ட முடியுதா? எத்தனை வண்டிக்கு முடியுமோ அதுதான் உங்க கலெக்‌ஷனோட சரியான அளவு, மீதி வண்டியெல்லாம் நின்ன இடத்துலயே கெட்டுக்கிட்டு இருக்கு.

கெட்டுக்கிட்டு இருக்குன்னு சும்மா சொல்லலை. காத்து இறங்கின டயர்ல வண்டியோட வெயிட் நின்னா டயர் பக்கவாட்டுல வெடிப்பு விடும், ஹப்புலயும் (வீல் நடுவுல இருக்கிற உருளை) பாட்டம் பிராக்கெட்லயும் (பெடல் அச்சு சுத்தற இடம்) இருக்கிற கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிடும், ஸ்டர்மி ஆர்ச்சர்ங்கற இங்கிலீஷ் கம்பெனியோட மூணு கியர் ஹப்புல பழைய எண்ணெய் பிசினாகி உள்ள கியரைப் பிடிக்கிற சின்னக் கொக்கிங்க ஒட்டிக்கிட்டு கியர் விழாது, லெதர் சீட் ஒண்ணு பூஞ்சை பிடிக்கும் இல்லைன்னா காஞ்சு வெடிக்கும். இதையெல்லாம் கூட சரி பண்ணிரலாம். ரொம்ப மோசமானது ஸ்டீல் ஃப்ரேம்ல அலுமினியம் சீட் போஸ்ட் இருக்கிற வண்டிங்க. ரெண்டு உலோகத்துக்கு நடுவுல ஈரம் போனா அலுமினியம் அரிச்சு, அந்த அரிப்பு வீங்கி, போஸ்ட் குழாயோட குழாயா பிடிச்சுக்கும். அப்புறம் அறுத்துதான் எடுக்கணும், சில சமயம் ஃப்ரேமும் சேர்ந்து போகும். ஹேண்டில் பார் ஸ்டெம்முக்கும் இதே கதிதான். அதனால வித்தாலும் சரி வச்சுக்கிட்டாலும் சரி, முதல் வேலையா எல்லா வண்டியிலயும் சீட் போஸ்ட்டையும் ஸ்டெம்மையும் கழட்டி கிரீஸ் தடவிப் போடுங்க. எது அசையலையோ அதை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

அடுத்தது எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துல வெளிய நிறுத்துங்க. மாடியிலயோ ஷெட்லயோ இருட்டுல பார்த்து முடிவு பண்ணவே கூடாது. ஒரு நோட்டு போட்டு வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க: ஃப்ரேம் நம்பர், சைஸ், எது ஒரிஜினல், எது மாத்தினது, எது காணோம், ஓட்ட என்னென்ன வேலை பாக்கி. வருஷம் தெரியலைன்னா பார்ட்ஸ்ல தேடுங்க. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் மேலேயே வருஷமும் மாசமும் அடிச்சிருப்பாங்க, 67ன்னும் பக்கத்துல 4ன்னும் இருந்தா அது 1967 ஏப்ரல். ஜப்பான் கம்பெனி ஷிமானோவோட பார்ட்ஸ்ல பொதுவா ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும், முதல் எழுத்து வருஷம், ஏ-ன்னா 1976, அங்கிருந்து வரிசையா எண்ணிக்கணும், ரெண்டாவது எழுத்து மாசம். ஆனா ஹப்போட வருஷம்தான் வண்டியோட வருஷம்னு சொல்லிர முடியாது, வீல் மாறியிருக்கலாம். ரெண்டு மூணு பார்ட் ஒரே காலத்தைக் காட்டினா நம்பலாம்.

இப்ப பிரிக்கறதுக்கு வருவோம். நான் முதல்ல பார்க்கிறது சைஸ். பாருக்கு மேல கால் போட்டு நின்னா ரெண்டு பாதமும் தரையில நிம்மதியா பதியலைன்னா அந்த வண்டியை நீங்க ஓட்டப் போறதில்லை, எவ்ளோ அழகா இருந்தாலும் சரி. அது அளவா இருக்கிற ஒருத்தர் எங்கயோ அதே வண்டியைத் தேடிக்கிட்டு இருப்பார், அவர்கிட்ட போகட்டும்.

அப்புறம் ஒரே மாதிரி வண்டிங்க. ராடு பிரேக் (வயருக்குப் பதிலா கம்பியால இழுக்கிற பிரேக்) போட்ட, 28க்கு ஒண்ணரை இஞ்ச் டயர் ரோட்ஸ்டர், அதாவது நிமிர்ந்து உக்காந்து ஓட்டற கனமான வண்டி ஒண்ணு, 26 சைஸ் மூணு கியர் வண்டி ஒண்ணு, ரெனால்ட்ஸ் 531ங்கற லேசான ஸ்டீல் குழாய்ல செஞ்ச லேசான வண்டி ஒண்ணுன்னு இருந்தா ஒவ்வொண்ணும் ஓட்டறப்ப வேற வேற அனுபவம், மூணுக்கும் காரணம் இருக்கு. அதே ரோட்ஸ்டர் மூணு கறுப்பு கலர்ல நிக்குதுன்னா நல்ல ஒண்ணு போதும். நல்லதுன்னா பளபளன்னு இருக்கறதுன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. ஃபேக்டரி பெயிண்ட்டும் கோடும் ஸ்டிக்கரும் மங்கலா இருந்தாலும் அதைத்தான் வச்சுக்கணும், புது பெயிண்ட் எப்ப வேணா அடிச்சுக்கலாம், சுரண்டின ஒரிஜினல் திரும்ப வராது.

மூணாவது, ஓட்ட வைக்க முடியுமாங்கறது. டயர் சைஸ்லயே நிறைய பேர் ஏமாறுவாங்க. 27 இஞ்ச் ரிம்மோட டயர் உக்காருற அளவு 630 மில்லிமீட்டர், 700சி-ங்கற இன்னொரு வீல் சைஸுக்கு 622, பார்த்தா ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ஒண்ணோட டயர் இன்னொண்ணுக்கு சேராது. ராடு பிரேக் ரோட்ஸ்டர் 635. அதுல பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கத்துலதான் பிடிக்கும், அதனால ரிம் போச்சுன்னா அதே வகை ரிம்தான் தேடணும். மரையும் இப்படித்தான். இங்கிலாந்து கம்பெனி ராலே தன்னோட ஃபேக்டரியில செஞ்ச நிறைய வண்டியில பாட்டம் பிராக்கெட்டுக்கு இஞ்சுக்கு 26 மரை, மத்த இங்கிலீஷ் வண்டியில 24. பழைய பிரெஞ்சு வண்டின்னா பெடல் மரைகூட வேற. ஒரு வண்டிக்கு பார்ட்ஸ் தேடறது சந்தோஷமா இருந்தா வச்சுக்கோங்க, அதை நினைச்சாலே களைப்பா இருந்தா அது போக வேண்டிய வண்டி.

ஃப்ரேமையும் செக் பண்ணுங்க. பின் வீல் மாட்டற இடத்துல ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னாடி ஹெட் குழாயைச் சுத்தி அடுத்த பக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்ல இருந்து ரெண்டு பக்க நூலுக்கும் தூரம் அளந்தா கோட்டம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுரும். ஃபோர்க் தலைப்பகுதி, குழாய் சேர்ற இடங்கள், அலுமினியம் ஹேண்டில் பார், கிராங்க் (பெடலைத் தாங்கற கை) எல்லாத்துலயும் முடி மாதிரி விரிசல் இருக்கான்னு பாருங்க. விரிசல் இருந்தா ஓட்டற வண்டின்னு சொல்லி யாருக்கும் கொடுக்காதீங்க, இது ஒருத்தரோட உயிர் விஷயம்.

அப்பா ஓட்டின வண்டி, முதல் முதலா கத்துக்கிட்ட வண்டி, இதுக்கெல்லாம் மேல சொன்ன எதுவும் வேணாம். தனியா எடுத்து வச்சுருங்க. அதே மாதிரி ஒரே கம்பெனியோட ஒரே மாடலை வருஷ வாரியா சேர்த்திருந்தீங்கன்னா ஒண்ணு ரெண்டா உருவாதீங்க, வரிசையா இருக்கறதுதான் அதோட மதிப்பு. கொடுத்தா மொத்தமா கொடுங்க.

இன்னும் மனசு வராத வண்டி இருந்தா, ஓட்டறதுல ஆசை இருக்கிற ஒரு நண்பர்கிட்ட சில மாசம் கொடுத்துப் பாருங்க. மனசு அதைத் தேடுச்சுன்னா திரும்ப வாங்கிக்கலாம். தேடலைன்னா பேசி முடிச்சுரலாம்.

விக்கறதுன்னு முடிவானதும் ஓவராயில், பெயிண்ட்டுன்னு செலவு பண்ணாதீங்க, போட்ட காசு பெரும்பாலும் திரும்பாது, வாங்கறவருக்கும் தன் கையால செய்யற ஆசை இருக்கும். துடைச்சா போதும். குரோம்ல லேசான துரு இருந்தா அலுமினியம் ஃபாயிலைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, போயிரும். உப்புத்தாள் வேணவே வேணாம், ஸ்டிக்கர் மேல பெட்ரோலும் தின்னரும் படக் கூடாது. முழுசா இருக்கிற வண்டியைப் பிரிச்சு பார்ட்ஸா விக்காதீங்க. பார்ட்ஸா வித்தா காசு கூட வரும்னு எனக்கும் தெரியும், ஆனா இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தது ஒரு தடவை பிரிஞ்சா மறுபடி ஒண்ணு சேராது. ஃப்ரேமே உளுத்துப்போயிருந்தா மட்டும் அதைச் செய்யலாம். நீங்க கழட்டி வச்ச ஒரிஜினல் சீட், பெடல், டைனமோ எல்லாத்தையும் அந்தந்த வண்டியோடயே கொடுத்துருங்க, நோட்டுல எழுதின பக்கத்தையும் சேர்த்து.

பொது ஸ்பேர் டப்பாவை மட்டும் கடைசி வரைக்கும் தொடாதீங்க. எந்த வண்டியெல்லாம் நிக்குதுன்னு முடிவானப்புறம் அதுங்களுக்கு எந்த காட்டர் பின் (கிராங்கை அச்சோட பிடிக்கிற ஆணி), பேரிங்குக்கு எந்த கோன், எந்த கப்பு சேரும்னு போட்டுப் பார்த்து ஒதுக்குங்க, மீதியைக் கொடுங்க.