பெட்ரோல் பங்க்கில் காரை விட்டு இறங்குங்கள்

விடுமுறைக்குத் தமிழ்நாடு வந்து கார் எடுப்பவர்கள் தவறாமல் கேட்பது, "இங்கே பங்க்கில் அளவு சரியா போடுவாங்களா?" பெரும்பாலான இடங்களில் சரியாகத்தான் போடுகிறார்கள் என்பது என் கணிப்பு. அதற்காக மோசடியே கிடையாது என்று சொல்ல மாட்டேன். 2017 ஏப்ரலில் லக்னோவில் போலீஸ் சோதனை நடத்தியபோது, பம்புக்குள் மின்னணு சிப் பொருத்தி, ரிமோட்டை வைத்து அளவைக் குறைத்து வந்தது பிடிபட்டது. மீட்டர் காட்டுவது ஒன்று, டேங்கில் விழுவது வேறு. அப்படிப்பட்ட வேலையை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் சிப்பிடம் இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்போதுதான்.

நாமே பம்பைப் பிடித்து நிரப்பிப் பழகியவர்களுக்கு இங்கே ஊழியர் வந்து போடுவது வசதியாகத் தெரியும். சரி, போடட்டும். நீங்கள் இறங்கி, மீட்டரும் குழாய் முனையும் ஒன்றாகக் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். "தம்பி, சாதா பெட்ரோல், ஆயிரம் ரூபாய்க்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'சாதா' என்பது முக்கியம். எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் விலை கூடிய பெட்ரோலும் இருக்கிறது, கேட்காமலே அதைப் போட்டுவிடுவது உண்டு. குழாயின் நிறத்தை நம்ப வேண்டாம். பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல், அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல். பம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஆயிரத்துக்குக் கேட்டால் இருநூறிலேயே நிறுத்திவிட்டு, "இருநூறுன்னு நினைச்சேன் சார், மீதி எண்ணூறு போட்டுடறேன்" என்பார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் ஜன்னல் பக்கம் வந்து "கார்டா, ஜிபேயா?" என்று பேச்சுக் கொடுப்பார். மீட்டர் மறுபடி பூஜ்யத்துக்குப் போகாமல், இருநூறிலிருந்தே ஓடி எண்ணூறில் நிற்கும். கிடைத்தது எண்ணூறுக்கு, கொடுத்தது ஆயிரம். பாதியில் நின்றால் நீங்கள் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், பணப் பேச்சு அப்புறம் இருக்கட்டும்.

இனி அளந்து பார்ப்பது. ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரை குத்திய 5 லிட்டர் அளவு கேன் இருந்தாக வேண்டும். சந்தேகம் வந்தால், வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் "5 லிட்டர் கேன்ல அளந்து காட்டுங்க" என்று கேட்கலாம். இது சலுகை இல்லை, உங்கள் உரிமை. உள்ளூர் வண்டியா, பேச்சில் வெளிநாட்டு வாசனை அடிக்கிறதா என்பதெல்லாம் இதில் செல்லாது. கேனைச் சமதளத்தில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஒருமுறை பெட்ரோலால் நனைத்துக் கவிழ்த்துவிட்டுப் பிறகு நிரப்புவதுதான் முறை. உள்ளே ஒட்டிக்கொள்ளும் சொட்டுகளால் கணக்குத் தப்பாமல் இருக்க அது உதவும். மீட்டர் 5.00 காட்டும்போது கேனின் கழுத்தில் உள்ள கோட்டைப் பாருங்கள். 25 மி.லி. வரை முன்பின் இருப்பதை விதி அனுமதிக்கிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் அது இரண்டரை ரூபாய். அதற்கு மேல் குறைந்தால் அந்தப் பம்பிலிருந்து பெட்ரோல் போடவே கூடாது. தண்ணீர் பாட்டிலில் பிடித்து அளக்க வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம், அதன் அளவும் துல்லியம் இல்லை. பம்பை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பதால், அதன் சான்றிதழையும் கேட்டுப் பார்க்கலாம்.

வேறு சில விஷயங்களை மோசடிக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். "37 லிட்டர் டேங்கில் 39 லிட்டர் போட்டுட்டான்" என்று சண்டை நடக்கும். கம்பெனி சொல்லும் கொள்ளளவு பாதுகாப்பாக நிரப்புவதற்கானது. கழுத்துவரை ஊற்றினால் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். மைலேஜ் குறைவதும் தனி ஆதாரம் ஆகாது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அதனாலேயே மைலேஜ் கொஞ்சம் இறங்கும். 500க்குப் பதில் 510 போடச் சொன்னால் ஏமாற்ற முடியாது என்பதில் அர்த்தமில்லை, பம்பில் கைவைத்திருந்தால் எந்தத் தொகையிலும் குறையும். விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். டேங்க் நிலத்துக்கடியில் இருக்கிறது, அங்கே வெப்பம் நேரத்துக்கு நேரம் பெரிதாக மாறாது.

கலப்படம் பற்றிக் கவலை என்றால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், பங்க்கில் அதுவும் இருக்க வேண்டும். ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் கறை இல்லாமல் காய்ந்துவிட வேண்டும்.

ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டாம். பெரும்பாலானோர் நேர்மையானவர்கள், அவர்களைச் சந்தேகப்பட்டு அவமதிக்கத் தேவையில்லை. "அண்ணே, நானே பணம் கட்டிடறேன், பில் மட்டும் வாங்கிடுங்க" என்றால் போதும். பங்க் தேர்வையும் அவரிடமே கேளுங்கள். எது நல்ல பங்க் என்பது தினமும் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியும். எண்ணெய் கம்பெனியே நேரடியாக நடத்தும் பங்க்குகள் என் முதல் தேர்வு. புழல், வேலூர், கோவை போன்ற ஊர்களில் சிறைத்துறை நடத்தும் 'ஃப்ரீடம்' பங்க்குகளிலும் தயங்காமல் போடலாம்.

குறை என்று தெரிந்தால் அச்சிட்ட பில் கட்டாயம் வேண்டும். தேதி, நேரம், அளவு, விலை எல்லாம் அதில் இருக்கும். முதலில் மேலாளரிடம் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள். கம்பெனி அதிகாரியின் தொலைபேசி எண் பங்க் பலகையிலேயே இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடையளவுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டியவர்கள் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அமலாக்க அதிகாரிகள். விமானம் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அன்றைக்கே புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.