தோட்டா நிரப்பப் பிரைமர் தேர்வு: ரைபிளுக்கு எது, பிஸ்டலுக்கு எது?

கையால் தோட்டா நிரப்பப் பழகுகிறவர்கள் பவுடரைப் பற்றி மணிக்கணக்கில் படிப்பார்கள், குண்டின் எடையைப் பற்றி விவாதிப்பார்கள். பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் என்று வந்தால் மட்டும், கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுவார்கள். உண்மையில் பிரைமரில் நம் விருப்பத்துக்கு இடமே குறைவு. பாதியைப் பித்தளைக் கூடு முடிவு செய்துவிடும், கொஞ்சத்தைத் துப்பாக்கி, மீதியை லோடு கையேடு (எந்தத் தோட்டாவில் எதை எவ்வளவு நிரப்பலாம் என்று சொல்லும் புத்தகம்). இந்த மூன்றும் சொல்வதைச் சரியாகப் படிப்பதுதான் நம் வேலை.

அதற்கு முன் ஒன்று. பல நாடுகளில் பிரைமர் வெடிபொருள் கணக்கில் வரும். வாங்கவும், வைத்திருக்கவும், தோட்டா நிரப்பவும் தனித்தனி அனுமதி தேவைப்படலாம். அதை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பிரைமருக்குள் என்ன இருக்கிறது

ஒரு சின்ன உலோகக் கிண்ணம். அதனுள் அடி பட்டால் தீப்பிடிக்கும் கலவை, பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் சேர்ந்தது. கலவைக்கு மேல் மூன்று அல்லது இரண்டு கால் கொண்ட குட்டிப் பட்டடை. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் அடியில் குத்தும்போது கலவை பட்டடைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ கூட்டின் அடியிலுள்ள துளை வழியாகப் பவுடருக்குப் போகிறது. பொட்டு வெடியைக் கல்லில் வைத்துத் தட்டுவது போலத்தான். கீழே கல் இல்லாமல் தட்டினால் பொட்டு வெடிக்காது. பட்டடையின் கால், கூட்டில் பிரைமர் உட்காரும் குழியின் அடியில் ஊன்றாவிட்டால் பிரைமரும் அப்படித்தான்.

படி 1: பாக்ஸரா, பெர்டானா?

காலிக் கூட்டின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடு மையத்தில் ஒரே துளை தெரிந்தால் அது பாக்ஸர் கூடு; நமக்கு வேண்டியது இதுதான். மையம் விலகிச் சிறிய துளைகள் இரண்டு தெரிந்தால் பெர்டான். பெர்டானில் பட்டடை கூட்டோடு சேர்ந்தே இருக்கும், பிரைமரில் இருக்காது. பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி நேராகப் பட்டடையில் போய் மோதி வளையும் அல்லது உடையும். ஆரம்பத்தில் பெர்டான் கூடுகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறைகளுக்குப் பெயர் தந்தவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். இன்று அமெரிக்கத் தோட்டாக்களில் ஆங்கிலேயரின் முறை; அமெரிக்கரின் முறை மற்ற நாடுகளின் ராணுவத் தோட்டாக்களில்தான் அதிகம்.

.22 ரிம்ஃபயர் தோட்டாவில் பிரைமர் என்று தனியாக எதுவும் இல்லை. அதை இந்த வழியில் நிரப்ப முடியாது.

படி 2: சிறியதா, பெரியதா?

வழக்கமான ரைபிள், பிஸ்டல் தோட்டாக்களில் விட்டம் இரண்டே வகை. சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். .223 ரெமிங்டன், 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஆகியவற்றுக்குச் சிறியது. .308 வின்செஸ்டர், .30-06, .45 ஏசிபி, .44 மேக்னம் ஆகியவற்றுக்குப் பெரியது.

ஆனால் இதை மனப்பாடம் செய்து நம்பிவிடாதீர்கள். .45 ஏசிபி கூடுகளில் சில, சிறிய பிரைமர் குழியோடு வருகின்றன. பொறுக்கிச் சேர்த்த கூடுகளில் அப்படி ஒன்று கலந்திருந்து, பெரிய பிரைமரை அதில் அழுத்தினால், பிரைமர் நசுங்கும், வெடிக்கவும் கூடும். 6.5 கிரீட்மூர் கூடு இரண்டு அளவிலும் விற்கிறது. சுத்தம் செய்யும்போதே ஒவ்வொரு கூட்டின் அடியையும் பார்த்துப் பிரித்து வையுங்கள். சிறிய பிரைமர் கொண்ட சில ரைபிள் கூடுகளில் தீத்துளையும் வழக்கமான 2 மி.மீ. இல்லாமல் 1.5 மி.மீ.தான் இருக்கும். பழைய பிரைமரைத் தள்ளும் வழக்கமான ஊசி அதில் மாட்டிக்கொள்ளும். மெல்லிய ஊசி வேண்டும்.

படி 3: ரைபிள் பிரைமரா, பிஸ்டல் பிரைமரா?

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. விட்டம் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உள்ளே போய்விடும். போய்விடுவதுதான் ஆபத்து.

9 மி.மீ. தோட்டாவின் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .45 ஏசிபிக்கு 21,000தான். .223க்கு 55,000, .308க்கு 62,000. அந்த அழுத்தத்தைப் பின்பக்கம் தாங்குவது பிரைமர் கிண்ணமும்தான். அதனால் ரைபிள் பிரைமரின் கிண்ணம் தடிமனாகவும் கடினமாகவும் இருக்கும். பிஸ்டல் ஊசிகள் மெதுவாகக் குத்துபவை, எனவே அவற்றுக்கு மெல்லிய கிண்ணம்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்:

- ரைபிள் கூட்டில் சிறிய பிஸ்டல் பிரைமர்: கிண்ணம் ஓட்டையாகி, சுடு வாயு ஊசித் துளை வழியாகப் பின்னால் பீறிடும். ஊசி முனையும் அரிக்கும், முகத்துக்கும் ஆபத்து.
- பிஸ்டல் கூட்டில் சிறிய ரைபிள் பிரைமர்: பலவீனமான ஊசியால் வெடிக்காமல் போகலாம்.
- பிஸ்டல் கூட்டில் பெரிய ரைபிள் பிரைமர்: இது உயரம் அதிகமானது. குழிக்கு வெளியே துருத்தி நிற்கும்.
- ரைபிள் கூட்டில் பெரிய பிஸ்டல் பிரைமர்: குழியின் ஆழத்தில் போய் உட்காரும். ஊசி சரியாக எட்டாது, கிண்ணமும் தாங்காது.

விதிவிலக்கு உண்டு. .454 கசுல் கைத்துப்பாக்கித் தோட்டாதான். அதற்குப் போடுவது சிறிய ரைபிள் பிரைமர். "கைத்துப்பாக்கி என்றால் பிஸ்டல் பிரைமர்" என்று ஊகிக்காமல் கையேட்டைத் திறக்கச் சொல்வது இதனால்தான்.

படி 4: சாதாரணமா, மேக்னமா?

மேக்னம் பிரைமரின் தீ அதிக வெப்பம், அதிக நேரம். மெதுவாக எரியும் பவுடர் நிறைய போடும் தோட்டாவுக்கும், பற்றவைக்கக் கடினமான சில உருண்டைப் பவுடர்களுக்கும், கடுங்குளிரில் சுடுவதற்கும் அது வேண்டும். தோட்டாவின் பெயரில் "மேக்னம்" இருப்பதால் மட்டும் மேக்னம் பிரைமர் போடக் கூடாது. .357 மேக்னத்துக்கே பல லோடுகளில் சாதாரணப் பிரைமர்தான். இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பவுடர்.

பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிசிஐ, ஃபெடரல் இரண்டும் பிரைமர் தயாரிக்கும் நிறுவனங்கள். சிசிஐயில் சிறிய பிஸ்டல் 500, மேக்னம் 550. பெரிய பிஸ்டல் 300, மேக்னம் 350. சிறிய ரைபிள் 400, மேக்னம் 450. பெரிய ரைபிள் 200, மேக்னம் 250. ஃபெடரலில் சிறிய பிஸ்டல் 100, பெரிய பிஸ்டல் 150, சிறிய ரைபிள் 205, பெரிய ரைபிள் 210, அதன் மேக்னம் 215. கவனியுங்கள்: சிசிஐ 200 பெரிய ரைபிள், ஃபெடரல் 200 சிறிய பிஸ்டல் மேக்னம். எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் வேறு பொருள் கைக்கு வந்துவிடும்.

படி 5: எந்தத் துப்பாக்கி?

ஏஆர்-15, எம்1 காரண்ட் போன்ற சில அரைத் தானியங்கி ரைபிள்களில் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் ஊசி முன்னால் ஓடிப் பிரைமரை லேசாகத் தொடும். சுட்ட தோட்டா வேண்டாம். ஏற்றி வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரைப் பாருங்கள், ஒரு சின்னப் புள்ளி இருக்கும். மென்மையான பிரைமராக இருந்தாலோ, பிரைமர் துருத்தி நின்றாலோ, விசையைத் தொடாமலே சுட்டுவிடக்கூடும். இவற்றுக்கென்றே கடினமான ராணுவ வகைப் பிரைமர்கள் உள்ளன: சிறியதில் சிசிஐ 41, பெரியதில் சிசிஐ 34. எதிர்த்திசையில், விசையை இலேசாக்க ஸ்பிரிங் குறைத்த ரிவால்வருக்குக் கடினமான பிரைமர் ஒத்துவராது.

படி 6: கையேட்டில் உள்ளதையே போடுங்கள்

நல்ல லோடு கையேட்டில் கூடு, பிரைமர், பவுடர், குண்டு நான்கும் பெயரோடு இருக்கும். பிரைமரை மாற்றினால் அது வேறு லோடு. ஒரே பவுடர், ஒரே எடை, பிரைமர் மட்டும் வேறு என்றாலே அழுத்தம் ஏறலாம். வேறு பிரைமர்தான் கிடைத்தது என்றால், பழைய லோடை அப்படியே தொடராமல் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, அழுத்த அறிகுறிகளைப் பார்த்துக்கொண்டே மறுபடி மெதுவாக ஏறுங்கள். உச்ச அளவில் இருக்கும் லோடில் சாதாரணத்துக்குப் பதில் மேக்னத்தை நேராகப் போடவே கூடாது.

படி 7: பொருத்திப் பாருங்கள்

பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எண்ணெய்க் கையால் பிரைமரைத் தொடாதீர்கள். ராணுவக் கூடாக இருந்தால் குழியின் விளிம்பு உள்நோக்கி அழுத்தி மடித்திருக்கும். அந்த மடிப்பை எடுக்காமல் பிரைமர் சரியாக இறங்காது.

கைக்கருவியில் அழுத்தும்போது முதலில் உராய்வு தெரியும், பிறகு "இதற்கு மேல் போகாது" என்று தட்டும். அங்கே நிறுத்துங்கள். இப்போது விரல் நுனியைக் கூட்டின் அடியில் ஓட்டிப் பாருங்கள்: பிரைமர் விளிம்பைவிட லேசாகப் பள்ளமாக, 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். மேசைமேல் நிறுத்தினால் ஆடுகிற கூட்டில் பிரைமர் துருத்தியிருக்கிறது. உராய்வே இல்லாமல் வழுக்கிப் போனால் குழி அகன்றுவிட்டது. அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள்.

முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டாவுக்குப் பெரும்பாலும் பிரைமர் மேல் பழி விழும். காரணம் பல நேரம் வேறு: முழுதாக இறங்காத பிரைமரை முதல் அடி உள்ளே தள்ளியது, இரண்டாவது அடிதான் வெடிக்க வைத்தது.

தோட்டா வெடிக்காவிட்டால் துப்பாக்கியை உடனே திறக்காதீர்கள். குழாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பியபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள்.

சுட்ட பிறகு பிரைமரைப் பாருங்கள். ஊசித் தடத்தில் ஓட்டை விழுந்தால் மேலே சுடாதீர்கள்; மெல்லிய கிண்ணம், அதிக அழுத்தம், கூர்மையான ஊசி மூன்றில் ஒன்று. கிண்ணம் முழுதும் தட்டையாகி ஓரம் குழியை நிறைத்திருந்தால் அழுத்தம் ஏறியிருக்கலாம். ஆனால் மென்மையான கிண்ணம் சாதாரண லோடிலும் தட்டையாகும்; இந்த ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வைப்பு

பிரைமர் வந்த தட்டிலேயே இருக்கட்டும். தட்டில் ஒவ்வொன்றும் இடைவெளியோடு இருப்பது ஒன்று வெடித்தால் மற்றவை சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான். கண்ணாடிச் சாடியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் அது வெடிகுண்டு. மிஞ்சியவற்றை அடையாளம் இல்லாத வேறு பெட்டியில் போடாதீர்கள். சிறிய ரைபிளையும் சிறிய பிஸ்டலையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரே வகைப் பிரைமர், ஒரே பவுடர். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்: கலவையில் ஈயம் இருக்கிறது, சுட்ட பிரைமரின் கரியிலும் இருக்கிறது.