தரையை நாமே தேய்ப்பதா, ஆள் வைப்பதா: முடிவெடுக்கும்போதே நடக்கும் தவறுகள்

எங்கள் வீட்டு கார் போர்டிகோவில் பிறை பிறையாக நாற்பது, ஐம்பது கீறல்கள் இருக்கின்றன. எல்லாம் என் கைவேலை. நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீலை, அதாவது வைரத் துகள் பதித்த கிண்ண வடிவச் சக்கரத்தை, மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையைத் தேய்க்க உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. மூன்று ஞாயிறு போனது. கப் வீல், பாலிஷ் பேடு, மேலே பூசும் சீலர் என்ற காப்புப் பூச்சு, மிஷின் வாடகை என்று போன பணத்துக்கு ஓர் ஆளே வந்து முடித்துக் கொடுத்திருப்பார்.

இறங்கும் முன் நான் கேட்டுக்கொண்டது, "இது நம்மால் முடியுமா?" என்றுதான். யூடியூப் பார்த்தால் எல்லாமே நம்மால் முடியும் போலத்தான் தெரியும். "இது என்ன தரை?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தரை எதுவென்று தெரியாமல் மிஷினை வைப்பது

நம் பக்கத்து வீடுகளில் "சிமெண்ட் தரை" என்ற ஒரே பெயருக்குள் பல வகை ஒளிந்திருக்கிறது. சிவப்பு ரெட் ஆக்சைடு தரையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கான்கிரீட், மேலே சிமெண்டும் ஆக்சைடு பொடியும் கலந்து கரணையால் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கிய மெல்லிய பூச்சு. நிறம் இருப்பது அந்தச் சில மில்லிமீட்டரில் மட்டும்தான். ஆத்தங்குடி கல்லும் அப்படியே. சூளையில் சுடாத சிமெண்ட் கல் அது. கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால்தான் அதற்கு அந்த வழவழப்பு. மிஷினால் தேய்த்தால் பூ வேலைப்பாடு போய்விடும், திரும்ப வராது.

ஐ.பி.எஸ். (இந்தியன் பேட்டன்ட் ஸ்டோன்) தரை வேறு. ஜல்லிக் கான்கிரீட் போட்டு, மேலே சிமெண்ட் பால் தேய்த்து வழித்தது. அதைத் தேய்த்தால் ஜல்லி வெளியே தெரியும். அந்தத் தோற்றத்தை விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கான்கிரீட்டைக் கலந்தவர் என்றாவது ஒருநாள் ஜல்லி தெரியப்போகிறது என்று நினைத்துக் கலக்கவில்லை. ஓரிடத்தில் கொத்தாகத் தெரியும், இன்னோரிடத்தில் வெறும் சாம்பல் திட்டாக நிற்கும்.

தேய்ப்பதற்கென்றே பிறந்த தரை மொசைக்தான். அதிலும் மொசைக் கல் பதித்த வீடாக இருந்தால், சலவைக்கல் சில்லு இருப்பது கல்லின் மேல்பகுதியில் மட்டும். அடியில் சாதாரணக் கலவை. நாற்பது வருட வீட்டில் ஏற்கெனவே எத்தனை முறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அத்தை வீட்டுக் கூடத்தில் மங்கிப்போன சிவப்புத் தரை. மொசைக் பாலிஷ் போடுபவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மிஷின் வேணாங்க சார். இதுல கல்லை வச்சா செவப்பு கெளம்பிடும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். வந்து போன செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அத்தை இப்போது துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வருகிறார். பழைய மினுமினுப்பில் பாதி வந்துவிட்டது. வழுக்குகிறது என்று மாமா முணுமுணுக்கிறார், அது தனிக்கதை.

எந்தத் தரையானாலும் பீரோவுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ ஒரு முழ இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். அப்படியே சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம் வந்தால் பூச்சு அடித்தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. கனமான மிஷின் ஏறினால் அந்த இடம் பெயரும். ஈரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். 16 மணி நேரமாவது போகட்டும். பிரிக்கும்போது தாளுக்கு அடியில் நீர் முத்தோ தரையில் கருத்த திட்டோ இருந்தால் மேலே பூசும் சீலர் நிற்காது. உப்புப் பூக்கும் தரைக்கும் இதே கதைதான். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பாலிஷ் போடுபவர் மருந்தில்லை.

மிஷின் கிடைத்தால் போதும் என்று நினைப்பது

கிரைண்டர் என்றதும் மாவு நினைவுக்கு வரும் ஊர் நம்முடையது. தரைக் கிரைண்டர் வேறு பிராணி. கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். தரை மிஷின் சில நூறு சுற்றிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைதான் சுற்றும். தன் கனத்தாலேயே தரையோடு படிந்து சமமாகத் தேய்க்கும். கை மிஷினில் மணிக்கட்டு இம்மி சாய்ந்தாலும் ஒரு பிறைக் குழி விழும். என் போர்டிகோவின் கதை அதுதான்.

வாடகைக்குத் தரை மிஷினே கிடைத்தாலும் சிக்கல் தீராது. டைமண்ட் பற்களைப் பற்றிய ஒரு விஷயம் கேட்டால் தலைகீழாகத் தோன்றும்: கடினமான தரைக்கு மென்மையான பல், மென்மையான தரைக்குக் கடினமான பல். வைரத் துகள்கள் ஓர் உலோகக் கலவைக்குள் புதைந்திருக்கின்றன. உலோகம் தேயத் தேயத்தான் புது வைரம் வெளியே எட்டிப் பார்க்கும். கெட்டியான கான்கிரீட் உலோகத்தை அவ்வளவாகத் தேய்க்காது. அதில் கடினமான பல்லை வைத்தால் வைரம் வெளியே வராமல் பல் வழவழத்துப்போகும், மிஷின் சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும். மணல் கக்கும் பழைய தரையில் மென்மையான பல்லை வைத்தால், விலை கொடுத்து வாங்கிய செட் பாதி அறை முடிவதற்குள் தீர்ந்துவிடும். தொழில்காரர் வண்டியில் மூன்று நான்கு வகை வைத்திருப்பார், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்வார். நாம் ஒரே ஒரு செட் வாங்கிவிட்டுத் தரையை நொந்துகொள்வோம்.

வரிசையைத் தாண்டுவது அடுத்த தவறு. 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று பேடுகள் ஏறிக்கொண்டே போகும், எண் ஏற ஏறப் பேடு நைஸாகும். ஒவ்வொன்றின் வேலையும் முந்தையது போட்ட கீறலை அழிப்பது. 50 போட்ட கீறலை 400 அழிக்காது, பளபளப்பாக்கி எடுத்துக் காட்டும். ஈரத்தில் தெரியாது, காய்ந்து வெயில் சாய்வாக விழும்போது தெரியும். பழைய தரைக்கு நடுவில் டென்சிஃபையர் என்ற சிலிகேட் திரவமும் தேவைப்படும். அது கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பை இறுக்குகிறது. அதை விட்டுவிட்டு எவ்வளவு தேய்த்தாலும் பொடிதான் வரும். புதுத் தரை என்றால் 28 நாளாவது போக வேண்டும், அவசரப்பட்டால் மணல் பெயர்ந்து வரும்.

அப்புறம் வாட்டம். போர்டிகோ, பால்கனி, முற்றம் ஆகியவற்றில் தண்ணீர் ஓடக் கொத்தனார் கொடுத்த சாய்வு நூலளவுதான். மேட்டைத் தேய்க்கிறேன் என்று அதைக் கெடுத்தால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு குட்டை.

தூசியும் சேறும்

செலவைப் பற்றி யோசிப்பவர்கள் நெஞ்சைப் பற்றி யோசிப்பதில்லை. கான்கிரீட்டில் இருக்கும் மணலிலும் ஜல்லியிலும் சிலிக்கா நிறைய இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகி நுரையீரலில் படியும். தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் நிர்ணயித்த உச்ச அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். மூடிய அறையில் தூசி உறிஞ்சும் கருவி இல்லாமல் தேய்த்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். முகத்தில் கட்டும் துண்டு எதையும் தடுக்காது, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகமூடி வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனர் பெரிய தூசியை வைத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பிவிடும்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும், சேறு வரும். அந்தச் சிமெண்ட் சேற்றைப் பாத்ரூம் குழியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாக இறுகும். செடிக்கு ஊற்றினால் காரம் தாங்காது. வாளியில் தெளியவைத்து, அடி மண்டியைக் காயவைத்துக் கட்டட இடிபாட்டோடு போட வேண்டும். வெறுங்காலோடு அதில் நின்றால் தோல் வெந்துபோகும், கம்பூட்ஸ் அவசியம். சாதாரண ஆங்கிள் கிரைண்டரை ஈரத்தில் ஓட்டவே கூடாது. ஈர மிஷினுக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைன் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் அது இருக்காது.

ஆசிட்டில் தொடங்குவது

மொசைக் மங்கியிருக்கிறதே என்று கழிப்பறை ஆசிட்டைக் கரைத்து ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சலவைக்கல் சில்லு கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும். அழுக்கோடு பளபளப்பும் போய், ஒரு துடைப்பில் முடிந்திருக்க வேண்டியது முழு பாலிஷ் வேலையாகிவிடும். பாலிஷ்காரர்கள் கடைசியில் தூவும் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி வேறு. சதுர மீட்டருக்கு 33 கிராம் என்பது பொதுப்பணிக் கணக்கு. அதுவும் விஷம்தான், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

ஆள் வைத்தாலும் தவறு உண்டு

சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பதுதான் அதில் பெரியது. எத்தனை தேய்ப்புக் கல் மாற்றி மாற்றி ஓட்டுவார், இடையில் ஓட்டைகளுக்கு அதே நிறச் சிமெண்ட் பால் அடைத்துக் காயவிடுவாரா என்று கேளுங்கள். சேற்றை யார் அள்ளுவது என்றும் பேசிவிடுங்கள். பெரிய மிஷின் சுவரோரத்தை எட்டாது. ஓரமும் மூலையும் கை மிஷின் வேலை, அதற்குத்தான் நேரம் அதிகம். அது விலையில் சேருமா என்பதில்தான் சண்டை வரும். பல தட்டுகள் சேர்ந்து சுழலும் பெரிய பிளானட்டரி மிஷினுக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும், எடை சில நூறு கிலோ. மாடி என்றால் அதை எப்படி ஏற்றுவது என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். போனில் காட்டும் போட்டோவை நம்பாமல் உங்கள் தரையிலேயே ஒரு முழம் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

சரி, நாமே செய்யக்கூடியது என்ன? நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது: தரையிலிருந்து எதையும் வெட்டி எடுக்காத வேலை நம்முடையது, வெட்டி எடுக்கும் வேலை தொழில்காரருடையது. சாமான் நகர்த்துவது, விரிசல் அடைப்பது, மெழுகு பூசுவது எல்லாம் நம் கையில். விதிவிலக்காக, யார் கண்ணிலும் படாத நூறு சதுர அடி ஸ்டோர் ரூம் இருந்தால் பழகிப் பார்க்கலாம். கார் போர்டிகோவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றக் குனிவது அங்கேதான்.