கயிறு கட்டி இழுக்கும் பெட்டி: விசைக் கணக்கைப் படிப்படியாகப் போடுவது

விசைக் கணக்குகள் தப்பாகப் போவது பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் இல்லை. படம் வரையாமல் சூத்திரத்தை எழுதிவிட்டு, அதற்குள் எண்களைத் திணிக்கப் பார்ப்பதுதான் காரணம். "செங்குத்து விசை (தரை மேல்நோக்கித் தள்ளும் விசை) என்றால் எடை", "உராய்வு என்றால் குணகம் × செங்குத்து விசை" என்ற இரண்டையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் கீழே உள்ள கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள்.

கணக்கு இது: 10 கிலோகிராம் பெட்டி ஒன்று கிடைமட்டத் தரையில் ஓய்வில் இருக்கிறது. கிடைமட்டத்துக்கு மேலே 30 டிகிரி சாய்வில் கயிறு கட்டி 40 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. பெட்டி நகருமா? அதன்மேல் செயல்படும் உராய்வு எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: பெட்டியை மட்டும் வரையுங்கள்

தரை வேண்டாம், இழுக்கும் ஆள் வேண்டாம். ஒரு கட்டம் போதும். பெட்டியை எவையெல்லாம் தொடுகின்றன என்று பாருங்கள்: கயிறு, தரை. கயிறு ஒரு விசை தரும். தரை இரண்டு தரும்: மேல்நோக்கிச் செங்குத்து விசை, பரப்பை ஒட்டி உராய்வு. தொடாமலே செயல்படுவது எடை ஒன்றுதான், 10 × 9.8 = 98 நியூட்டன். ஆக நான்கு அம்புகள்.

ஐந்தாவது அம்பு போடக் கை வரும். நகரும் திசையில் "நகர்த்தும் விசை" என்றோ "நிறை × முடுக்கம்" என்றோ எழுதத் தோன்றும். ஒவ்வோர் அம்பையும் காட்டி "இந்த விசையைத் தருவது எந்தப் பொருள்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள். நிறை × முடுக்கம் என்பது எல்லா விசைகளையும் கூட்டினால் வரும் விடை. அது தனி விசை அல்ல.

படி 2: கயிற்றின் விசையைப் பிரியுங்கள்

கிடைமட்டக் கூறு 40 × கொசைன் 30 = 34.6 நியூட்டன். செங்குத்துக் கூறு 40 × சைன் 30 = 20 நியூட்டன். எது சைன், எது கொசைன் என்று சந்தேகம் வந்தால் கோணத்தைப் பூஜ்யமாக நினைத்துப் பாருங்கள். கயிறு கிடையாகிவிடும், மேல்நோக்கிய கூறு இருக்கக் கூடாது. பூஜ்யத்தில் மறைவது சைன், ஆகவே மேல்கூறுக்குச் சைன். சாய்தளக் கணக்கிலும் இதே சோதனை உதவும்.

கால்குலேட்டரில் சைன் 30 என்று போட்டு −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள்.

படி 3: முதலில் செங்குத்துத் திசை

பெட்டி மேலும் கீழும் போகவில்லை, அந்தத் திசையில் முடுக்கம் பூஜ்யம். ஆகவே செங்குத்து விசை + 20 = 98. செங்குத்து விசை 78 நியூட்டன்.

98 என்று எழுதியவர்கள் சறுக்கும் இடம் இது. செங்குத்து விசைக்கென்று தனிச் சூத்திரம் கிடையாது. பெட்டி தரைக்குள் புகாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தரை தள்ளும். கயிறு கொஞ்சம் தூக்கிக்கொடுப்பதால் தரையின் வேலை குறைகிறது. ஒரு கணக்கில் செங்குத்து விசை எதிர்மறையாக வந்தால், கூட்டலில் பிழை இருக்கும்; இல்லாவிட்டால் பெட்டி தரையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று பொருள். தரையால் தள்ள முடியும், இழுக்க முடியாது.

எடையும் செங்குத்து விசையும் வினை–எதிர்வினை ஜோடி என்று நினைப்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் ஜோடி எப்போதும் சம அளவு. இங்கே ஒன்று 98, மற்றது 78. அதோடு இரண்டும் ஒரே பெட்டியின்மேல் செயல்படுகின்றன, ஜோடி விசைகள் வேறு வேறு பொருளின்மேல் செயல்பட வேண்டும். எடையின் ஜோடி, பெட்டி பூமியை மேல்நோக்கி இழுக்கும் 98 நியூட்டன். செங்குத்து விசையின் ஜோடி, பெட்டி தரையைக் கீழே அழுத்தும் 78 நியூட்டன்.

படி 4: உராய்வு

0.5 × 78 = 39 நியூட்டன். இது உராய்வு அல்ல, ஓய்வுநிலை உராய்வின் உச்சவரம்பு. கயிறு கிடையாக இழுப்பது 34.6 மட்டுமே. வரம்பைத் தாண்டவில்லை, பெட்டி நகராது. நகராத பெட்டியில் கிடைமட்ட விசைகள் சமமாக இருந்தாக வேண்டும். ஆகவே உராய்வு 34.6 நியூட்டன். விடை 39 என்று எழுதினால், 34.6 ஆல் முன்னே இழுக்கப்படும் பெட்டி பின்பக்கமாக முடுக்கம் பெறும் என்று சொன்னதாகிவிடும்.

படி 5: இழுப்பை 60 நியூட்டனாக்குங்கள்

கிடைமட்டக் கூறு 52, செங்குத்துக் கூறு 30, செங்குத்து விசை 68. உச்சவரம்பு 34 தான், பெட்டி நகரும். நகர ஆரம்பித்ததும் இயக்க உராய்வுக் குணகத்துக்கு மாற வேண்டும்: 0.4 × 68 = 27.2. நிகர விசை 24.8 நியூட்டன், முடுக்கம் சுமார் 2.5 மீ/வி². செங்குத்து விசையை 98 என்றே வைத்திருந்தால் உராய்வு 39.2 ஆகி முடுக்கம் 1.3 தான் வந்திருக்கும். சின்னக் கவனக்குறைவுதான், விடை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை: முதலில் பார்த்த 40 நியூட்டனால் நிற்கும் பெட்டியை அசைக்க முடியவில்லை. அதே பெட்டி ஏற்கெனவே முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால்? இயக்க உராய்வு 0.4 × 78 = 31.2, கயிறு இழுப்பது 34.6. வேகம் கூடவே செய்யும். இழுப்பைச் சுமார் 36.8 நியூட்டனுக்குக் குறைத்தால் சீரான வேகத்தில் போகும், அப்போது நிகர விசை பூஜ்யம். "ஓடுகிறது என்றால் முன்னோக்கி ஏதோ ஒரு விசை மிச்சம் இருக்க வேண்டும்" என்ற எண்ணம் இங்கே உடைய வேண்டும். மிச்ச விசை தேவைப்படுவது வேகத்தை மாற்றத்தான்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

அதே 60 நியூட்டன், அதே 30 டிகிரி. ஆனால் கயிறு இல்லை. பின்னாலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகத் தள்ளுகிறோம். இப்போது செங்குத்துக் கூறு எடையோடு சேர்கிறது: செங்குத்து விசை 128, உச்சவரம்பு 64, முன்னே தள்ளுவது 52. இழுத்தபோது ஓடிய பெட்டி இப்போது அசையாது.

தள்ளும் கோணத்தை இன்னும் செங்குத்தாக்கினால் என்ன ஆகும் என்பதைத் தாளில் செய்து பாருங்கள். குணகம் 0.5 ஆக இருக்கும்போது கிடைமட்டத்துக்குக் கீழே சுமார் 63.4 டிகிரியைத் தாண்டினால், எவ்வளவு பெரிய விசையாலும் இந்தப் பெட்டியை நகர்த்த முடியாது. விசையைக் கூட்டக் கூட்ட, முன்னே தள்ளும் கிடைமட்டக் கூறைவிட உச்சவரம்பு வேகமாக ஏறும். அந்தக் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பு 2, அதாவது 1 ÷ 0.5.