எண்ணூர் கடலோரத்தில் ஹாஃப் மாரத்தான்: முதுகுக்காற்றை நம்பிக் கெட்டுப்போவது

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. காசிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் குழு திரும்பும் இடத்தில், தண்ணீர் கேனோடு நின்றிருந்தேன். கத்திவாக்கம் பக்கம் விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி, எண்ணூர் விரைவுச் சாலையில் கடலோரமாகத் தெற்கே பத்தரை கிலோமீட்டர் வந்து, அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். மணி ஆறு ஆகவில்லை, இருட்டு பிரியவில்லை. முதல் ஆளாக ஒரு தம்பி வந்து நின்றார். சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வேர்வை தேறும்.

"ண்ணா, இன்னிக்கு காத்தே இல்லண்ணா. கிலோமீட்டருக்கு அஞ்சரைல வந்துனுகீறேன், மூச்சே வாங்கல!"

அவர் தலைக்கு மேலே மின்கம்பத்தில் கட்டியிருந்த கட்சிக்கொடி, விறைத்துப்போய்த் தெற்கே பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. என் முதல் ஹாஃப் மாரத்தானில் எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒருவர் அதே இடத்தில் அதே வார்த்தையைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். புது ஷூ போடாதே, முதல் நாள் ராத்திரி பிரியாணி சாப்பிடாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. நான் கடலோரக் காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காற்றே இல்லை என்று நினைப்பது

இங்கே ஓட்டப் பந்தய சீசன் என்பது மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வாடைக்காற்று பிடித்திருக்கும் காலம். வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். விடிவதற்கு முன் கொஞ்சம் அடங்கி இருந்தாலும், வெயில் ஏற ஏற வலுக்கும். ஆக, எண்ணூர் பக்கமிருந்து தெற்கே ஓடும்போது காற்று முதுகில். திரும்பி வடக்கே வரும்போது மூஞ்சியில், அதுவும் முன்னைவிட பலமாக.

ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று ஓடினால் உங்கள் வேகம் மணிக்கு 10 கி.மீ. காற்றும் முதுகில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அடித்தால் என்ன ஆகும்? காற்றும் நீங்களும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போகிறீர்கள். உடம்பில் காற்றே படாது. கொடி பறக்கும், தென்னை ஓலை ஆடும், உங்களுக்கு மட்டும் மூடிய அறைக்குள் ஓடுவது மாதிரி புழுங்கும். அதைத்தான் எல்லாரும் 'இன்னிக்கு காத்தே இல்ல' என்கிறார்கள்.

அந்த அமைதி இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. முதலாவது, வேர்வை. காய்கிற வேர்வைதான் உடம்பைக் குளிர வைக்கும். சொட்டுகிற வேர்வை வெறும் நஷ்டம். காற்று படாததால் வேர்வை காயாது, உடம்பு சூடாகிக்கொண்டே போகும், தண்ணீரும் உப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, வேகம். தள்ளிவிடும் காற்றைத் தன் பயிற்சியின் பலன் என்று மனசு நம்பிவிடும். அந்த நம்பிக்கையில் இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள்.

திரும்பினால் கணக்கு அப்படியே தலைகீழ். உங்கள் 10, காற்றின் 10, மூஞ்சியில் மோதுவது மணிக்கு 20 கி.மீ. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. அசையாத காற்றில் ஓடும்போது உள்ள எதிர்ப்பை ஒரு பங்கு என்று வையுங்கள். போகும்போது அந்த ஒரு பங்கு மிச்சம்; வரும்போது மூன்று பங்கு கூடுதல் சுமை. காற்று 20 கி.மீ. வேகத்தில் அடித்தால் இன்னும் மோசம்: போகும்போது ஆதாயம் இரண்டு பங்கு, வரும்போது நஷ்டம் எட்டுப் பங்கு. போகும்போது சேர்த்து வைத்த நேரம் வரும்போது கைகொடுக்கும் என்று இன்னமும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சேர்த்தது இரண்டு, கொடுக்க வேண்டியது எட்டு.

என் கதை இதுதான். முதல் பாதியை 58 நிமிடத்தில் முடித்தேன். கிலோமீட்டருக்கு ஐந்தரை. பயிற்சியில் ஒருநாளும் அந்த வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓடியதில்லை. அது ஒன்றே என்னை எச்சரித்திருக்க வேண்டும். திரும்பிய முதல் நூறு மீட்டர், நனைந்த சட்டையில் குளிர்காற்று பட்டு சுகமாக இருந்தது. அடுத்த கிலோமீட்டரிலேயே வாட்ச் 6:20 காட்டியது. விடக்கூடாது என்று மிதித்தேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் தொடை இறுகியது. திருவொற்றியூர் குப்பத்துக்குப் பக்கத்தில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, காலை நீட்டச் சொல்லி, பெருவிரலைப் பிடித்து மேலே மடக்கினார்.

"வாடை அடிக்குதுப்பா. போம்போது தள்ளிவுடும், வரும்போது புச்சி நிறுத்தும். கெளம்பும்போது கொடியப் பாக்கல?"

பாக்கவில்லை. இரண்டாம் பாதி 76 நிமிடம். மொத்தம் 2 மணி 14 நிமிடம். ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக ஆறு ஆறாக ஓடியிருந்தால் 2 மணி 7 நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். நேரம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் கெண்டைக்கால் சரியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இப்போது நான் செய்வது: கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சாலையில் நின்று கொடியைப் பார்ப்பேன். கட்சிக்கொடி, படகில் கட்டிய கொடி, தொழிற்சாலைப் புகை, எது கிடைத்தாலும் சரி. கொடி நீட்டும் திசையில்தான் முதலில் ஓடப்போகிறோம் என்றால், அன்றைக்கு முதல் பாதி முழுக்க மூச்சை வைத்துத்தான் ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் திக்காமல் பேச முடிய வேண்டும். ஆறு நிமிட ஓட்டக்காரர் இந்தக் காற்றில் போகும்போது 5:50க்குக் கீழே இறங்கக் கூடாது. வரும்போது 6:15, 6:20 ஆனால் பதறக் கூடாது. மொத்தத்தில் இரண்டு நிமிடம் கூடத்தான் ஆகும். காற்றடிக்கும் நாளில் அதுதான் நியாயமான இலக்கு. அப்புறம் ஒன்று: எதுவும் மேலே படாத மாதிரி புழுங்கினால், கையை விரித்து உள்ளங்கையைப் பின்பக்கமாகக் காட்டிப் பாருங்கள், பிறகு தலைக்கு மேல் கொடியைப் பாருங்கள். கொடி பறந்து கை சும்மா இருந்தால், நீங்கள் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

வாய்ப்பிருந்தால் பயிற்சி ஓட்டத்தை மாற்றிப் போடுங்கள். காசிமேட்டுப் பக்கம் கிளம்பி, கால் புதிதாக இருக்கும்போதே வாடையை எதிர்த்து வடக்கே போய், காற்றோடு வீடு திரும்பலாம். பந்தய நாளில் அந்த வசதி நம் கையில் இல்லை.

எதிர்காற்றில் வாட்சைத் துரத்துவது

மேலே சொன்னதன் தம்பி இது. இந்தச் சாலையில் காற்று ஒரே சீராக அடிக்காது. குப்பத்து வீடுகள் மறைக்கிற இடத்தில் அடங்கும். வீடு முடிந்து, கடலரிப்புக்குக் கருங்கல் கொட்டியிருக்கும் வெட்டவெளி வந்ததும் அறையும். அறைகிற இடத்தில் வேகத்தைக் காப்பாற்றப் பார்த்தால், முந்நூறு மீட்டரில் செலவழித்த மூச்சை அடுத்த ஒரு கிலோமீட்டர் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். வெட்டவெளியில் விட்டுக்கொடுங்கள், மறைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அடியைச் சின்னதாக்கி, எண்ணிக்கையைக் குறைக்காமல் வையுங்கள். நான் திரும்பியதுமே வாட்ச் திரையை மாற்றிவிடுவேன். தூரம் மட்டும் தெரியும், பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பது) தெரியாது.

தனியாக ஓடுவது, அல்லது தோளோடு தோளாக ஓடுவது

1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் உடலியல் நிபுணராக இருந்த கிரிஃபித் பியூ, ஓட்டக்காரர்களை வைத்துக் காற்றெதிர்ப்பை அளந்தார். 1971இல் அவர் வெளியிட்ட முடிவு: நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில், ஒருவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றின் எதிர்ப்பில் 80 சதவீதம் குறைந்துவிடுகிறது. அந்த வேகத்தில் நாம் யாரும் ஓடப்போவதில்லை. ஆனால் வாடையில் திரும்பி வரும்போது நம் மூஞ்சியில் மோதும் 20 கி.மீ. காற்று என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். கிட்டத்தட்ட அதே காற்று.

அதனால் நாலு பேர் சேர்ந்து வாருங்கள், ஆனால் பேசிக்கொண்டு தோளோடு தோளாக அல்ல. வடகிழக்குக் காற்று நேர் எதிரே வராது, கடல் பக்கமிருந்து வலது தோளில் சாய்ந்து அடிக்கும். முன்னால் ஓடுபவர் கடல் பக்கம் இருக்கட்டும். அடுத்தவர் அவருக்குப் பின்னால், கொஞ்சம் இடது தள்ளி. அங்கேதான் மறைவு கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் ஓடுபவர் மாற வேண்டும். கடைசிவரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னாலேயே ஓடிவிட்டு, முடியும் கோட்டுக்கு முன்னால் தாண்டிப் போகிறவர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

கன்டெய்னர் லாரி மறைவில் ஓடுவது

கூடவே கூடாது. நின்ற லாரியும் எந்த நொடியும் நகரும்.

வேர்க்கவில்லை, தண்ணீர் வேண்டாம்

திரும்பும்போது வேர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் வேர்ப்பதே தெரியாது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு விழுந்திருக்கும், அதுதான் சாட்சி. அதற்காக லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரை ஏற்றுவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், குமட்டல் வரும். நான் போகும்போதே ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டு வருவேன். அன்றைக்கு அந்தத் தம்பிக்கும் முதலில் அதைத்தான் கொடுத்தேன். கொடியைக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கிலோமீட்டருக்கு ஆறே கால் நிமிடத்தில் போ, பின்னால் வரும் மூன்று பேரோடு சேர்ந்து போ என்று நிறுத்திவைத்து அனுப்பினேன். கால் பிடிக்காமல் வந்து சேர்ந்தார்.

இடுப்பை மடித்துக் குனிவது

சாய்வது கணுக்காலிலிருந்து இருக்கட்டும். இடுப்பு மடிந்தால் மூச்சு பாதியாகும்.

சாலையில் கிடக்கும் மணல்

காற்று ராத்திரி முழுக்கக் கடற்கரை மணலைத் தார்மேல் கொண்டுவந்து தூவியிருக்கும். இருட்டில் தெரியாது, திருப்பத்தில் வழுக்கும். தலைவிளக்கு கட்டுங்கள், திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள்

உப்புப் படலம் படியும். சட்டையால் துடைத்தால் அப்பிக்கொள்ளும். காய்ந்த கைக்குட்டை வேண்டும்.

பிப்பை (பந்தய எண் அட்டையை) சட்டையில் இரண்டு ஊசியில் குத்துவது

நாலு ஊசி.

முடித்ததும் காற்றில் நின்று படம் எடுப்பது

ஓட்டம் நின்றதும் உடம்பு சூடு சட்டென்று இறங்கும். ஈரச் சட்டையோடு வாடையில் கால்மணி நேரம் நின்றால், சென்னையிலும் பல் கிட்டும். காய்ந்த சட்டை ஒன்றைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். கை நடுங்கும்போது அடியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.