கொரோலா கிடைக்கலையா? 5000 டாலருக்குள்ள பழைய அமெரிக்கன் கார் வாங்குறது எப்படி

மிச்சிகன் வந்து இறங்குற நம்ம பசங்க ஃபோன் போட்டு கேக்குற முதல் கேள்வி, "அண்ணா, 5000 டாலருக்கு நல்ல கொரோலா எதாவது இருக்கா?" இருக்கு தம்பி, 2 லட்சம் மைல் ஓடி, சீட்டு கிழிஞ்சு, அடியில துரு உதிர்ந்துகிட்டு இருக்கு. எல்லாருக்கும் அதுவும் சிவிக்கும்தான் வேணும், அதனால அதுங்க விலை இறங்கறதே இல்ல. அதே காசுக்கு பக்கத்து தெருவுல அதுல பாதி தூரமே ஓடின ஃபோர்டு ஃபோகஸ் ஒண்ணு நாலு வாரமா விக்காம நிக்குது, ஏன்னா "ஐயோ அமெரிக்கன் வண்டியா"ன்னு ஒரு பயம். அந்த ஐயோதான் நமக்கு கிடைக்கிற தள்ளுபடி. பயத்துல பாதி நியாயம், பாதி சும்மா, எது எதுன்னு பிரிக்க தெரியணும், அவ்ளோதான். முதல் தடவ கார் வாங்குறவங்களுக்காக எழுதுறேன், நான் இருக்கறது மிச்சிகன்ங்கறதால பேப்பர் வேலை எல்லாம் இந்த ஊர் கணக்கு, மத்த ஸ்டேட்ல கொஞ்சம் மாறும்.

படி 1: இருக்குற காசு எல்லாத்தையும் வண்டியில போடாதீங்க

கைல 5000 இருந்தா வண்டிக்கு 4000. விலையில 6 சதவீதம் டாக்ஸ், டைட்டில் (வண்டி யாருதுன்னு சொல்ற பேப்பர்) மாத்த 15 டாலர், நம்பர் பிளேட்டு தனி. வாங்கின முதல் மாசத்துலயே டயரோ பேட்டரியோ பிரேக் பேடோ எதாவது ஒண்ணு கண்டிப்பா காசு கேக்கும், இந்த விலையில கேக்காத வண்டிய நான் பாத்ததில்ல. இன்சூரன்ஸ்தான் உண்மையான நெஞ்சுவலி, புது லைசன்ஸ்காரனுக்கு சில சமயம் ஒரு வருஷ பிரீமியம் வண்டி விலைய நெருங்கிடும், அதனால வண்டிய பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே அதோட வின் நம்பர (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர்) குடுத்து ரெண்டு மூணு இடத்துல பிரீமியம் எவ்ளோன்னு கேட்டுடுங்க. 4000 டாலர் வண்டிக்கு கொலிஷன் கவர் (மோதினா நம்ம வண்டி ரிப்பேருக்கு காசு குடுக்கறது) வேஸ்ட்டுன்றது என் கருத்து.

படி 2: பேர பாக்காதீங்க, வருஷத்தையும் கியர்பாக்ஸையும் பாருங்க

இதுலதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஃபோகஸ்னா ஒரே கார் இல்ல. 2008ல இருந்து 2011 வரைக்கும் வந்தது 2.0 லிட்டர் எஞ்சின், டைமிங் செயின் (பெல்ட் மாதிரி அப்பப்ப மாத்த வேண்டாம்), அந்த காலத்து 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். ஹைவேல கத்தும், பாக்கவும் சுமார், ஆனா ஓடிக்கிட்டே இருக்கும். 2012ல புது ஃபோகஸ் வந்துச்சு, அழகான வண்டி, ஓட்டவும் சுகம், ஆனா ஆட்டோமேட்டிக்னு சொல்லி உள்ள வச்சது பவர்ஷிஃப்ட்னு ஒரு டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ். அது என்னன்னா, மேனுவல் வண்டியில இருக்கற மாதிரியே டிரை கிளட்ச், ஒண்ணுக்கு ரெண்டா, அத உங்க காலுக்கு பதிலா கம்ப்யூட்டரும் மோட்டாரும் சேந்து புடிச்சு விடுது. சாதாரண ஆட்டோமேட்டிக்ல நடுவுல ஆயில் இருக்கறதால டிராஃபிக்ல ஊர்ந்து போனாலும் தேய்மானம் இல்ல, இதுல ஊரும்போதெல்லாம் கிளட்ச் பாதி புடிச்சும் புடிக்காமலும் நிக்குது. நம்ம ஊர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் "ஹாஃப் கிளட்ச்ல ஓட்டாத, எரிஞ்சிடும்"னு தலையில தட்டுவாரே, அதே கதைதான், இங்க தட்டு வாங்க வேண்டியது கம்ப்யூட்டர். கிளட்சுக்கு வாரண்டிய 7 வருஷம் 1 லட்சம் மைல்னு ஃபோர்டு நீட்டுச்சு, ஓனருங்க எல்லாம் சேந்து போட்ட கிளாஸ் ஆக்ஷன் கேஸு செட்டில்மெண்ட் வரைக்கும் போச்சு, ஆனா 2012, 13 வண்டிக்கெல்லாம் அந்த வாரண்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. 2011ல இருந்து வந்த ஃபியஸ்டா ஆட்டோமேட்டிக்கும் இதே குடும்பம்தான். ரெண்டையும் தொடாதீங்க, எவ்ளோ பளபளன்னு இருந்தாலும்.

ஆனா அதே 2012 ஃபோகஸ் மேனுவல்ல கிடைச்சா? அதுல இந்த தொல்லையே கிடையாது, சாதாரண ஒத்த கிளட்ச். அமெரிக்காவுல மேனுவல் ஓட்ட தெரிஞ்சவங்க கம்மி, அதனால அந்த வண்டிய விக்கறவன் பாடு திண்டாட்டம். மாருதி 800ல எட்டு போட்டு லைசன்ஸ் எடுத்தவனுக்கு இத விட நல்ல டீல் கிடையாது.

அடுத்தது செவி (ஷெவர்லேவ இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) கோபால்ட், 2005ல இருந்து 2010 வரை. இதோட பேர் கெட்டுப்போனதுக்கு காரணம் சாவி. இக்னிஷன் சுவிட்ச் ரொம்ப லூசா இருந்ததால சாவிக்கொத்து கனமா இருந்தாலோ முட்டி பட்டாலோ ஓடிக்கிட்டு இருக்கும்போதே சாவி திரும்பி எஞ்சின் ஆஃப் ஆயிடும், கூடவே ஏர்பேக்கும் வேலை செய்யாது. 2014ல செவியோட தாய் கம்பெனி ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்), கோபால்ட், சாட்டர்ன் அயான் மாதிரி சின்ன வண்டிங்க கிட்டத்தட்ட 26 லட்சத்த திரும்ப கூப்பிட்டுச்சு, நஷ்டஈடு குடுக்க வச்ச ஃபண்டு 124 சாவுகள ஏத்துக்கிச்சு. இது சும்மா பயம் இல்ல. ஆனா சுவிட்ச் மாத்தின கோபால்ட்டுல மீதி இருக்கறது டைமிங் செயின் வச்ச ஈகோடெக் எஞ்சினும் சாதாரண 4 ஸ்பீடும்தான், அதுங்க கெட்டி. மாத்தலன்னா டீலர் கிட்ட இலவசமா மாத்திட்டு அப்புறம் ஓட்டுங்க.

செவி க்ரூஸ் 1.4 டர்போ, 2011ல இருந்து 2015 வரைக்கும் வந்த மாடல், இதுல கூலண்ட் (எஞ்சின் சூட்ட தணிக்கிற திரவம்) கசியும், வாட்டர் பம்ப் போகும், வால்வ் கவர்ல இருக்கற ரப்பர் கிழியும். தனித்தனியா பாத்தா பெரிய செலவு இல்ல, ஆனா தவணை முறையில வரும். முந்தின ஓனர் இதெல்லாம் மாத்தின பில்லு வச்சிருந்தா மட்டும் பாருங்க.

கடைசியா என் செல்லம், பான்டியாக் வைப். மேல பான்டியாக் முத்திரை, உள்ள டொயோட்டா. கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல ஜிஎம்மும் டொயோட்டாவும் கூட்டா நடத்தின நம்மி ஃபேக்டரில 2003 மாடல்ல இருந்து 2010 வரை செஞ்சாங்க, இன்னைக்கு டெஸ்லா செய்யறது அதே கட்டடத்துலதான். 1.8 லிட்டர் எஞ்சின் கொரோலாவுல இருக்கறதேதான். பான்டியாக்னு ஒரு பிராண்டே இப்ப இல்லாததால ஜனங்க தேடறதில்ல, எஞ்சின் பார்ட்ஸ் டொயோட்டாக்காரன் கிட்டயே கிடைக்கும். டக்காட்டாங்கற கம்பெனி செஞ்ச ஏர்பேக்குக்கான ரீகால் (கம்பெனியே திரும்ப கூப்பிட்டு இலவசமா சரி பண்றது) இதுக்கும் உண்டு, அத மட்டும் முடிச்சிருக்காங்களான்னு பாத்துக்கோங்க.

படி 3: நேர்ல போறதுக்கு முன்னாடி வின் நம்பர்

17 எழுத்து. விண்ட்ஷீல்டுக்கு கீழ டிரைவர் பக்க மூலையில இருக்கும், டிரைவர் கதவ திறந்தா ஸ்டிக்கர்லயும் இருக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். விக்கறவர் கிட்ட மெசேஜ்ல கேளுங்க, குடுக்க மறுத்தா அந்த வண்டிய அப்படியே மறந்துடுங்க. என்எச்டிஎஸ்ஏ (அமெரிக்க அரசோட ரோடு பாதுகாப்பு துறை) சைட்ல போட்டா முடிக்காத ரீகால் இருக்கான்னு இலவசமா காட்டும். கார்ஃபேக்ஸ்னு வண்டியோட பழைய கதைய சொல்ற ரிப்போர்ட் வாங்கினா நல்லது, ஆனா அதுல ஆக்சிடென்ட் இல்லன்னா ஆக்சிடென்டே இல்லன்னு அர்த்தம் இல்ல, காசு குடுத்து கமுக்கமா சரி பண்ணினது அதுல ஏறாது.

டைட்டில் கிளீனா, சால்வேஜா (அடிபட்டு இன்சூரன்ஸ்காரன் தேறாதுன்னு தள்ளினது), ரீபில்ட்டா (அத சரி பண்ணி மறுபடி ரோட்டுக்கு விட்டது)ன்னு நேரடியாவே கேளுங்க. டைட்டில்ல இருக்கற பேரும் விக்கறவர் லைசன்ஸ்ல இருக்கற பேரும் ஒத்துப்போகணும், "என் கசின் வண்டி, அவன் ஊர்ல இல்ல"ன்னா வாங்கி விக்கற புரோக்கர்னு வச்சுக்கோங்க. லோன் பாக்கி இருந்து பேங்க் பேர் அதுல இருந்தா, கடன் தீர்ந்த லெட்டர் இல்லாம காசு குடுக்காதீங்க. வண்டிய பாக்காம ஸெல்லுல (Zelle, காசு அனுப்பற ஆப்) அட்வான்ஸ் அனுப்ப சொன்னா அது வண்டியே இல்ல.

படி 4: போய் பாக்கறது, ஆறின எஞ்சினோட

என் முதல் வண்டிய ஒரு டிசம்பர் மத்தியானம் போய் பாத்தேன், எந்த மாடல்னு வேணாம் விடுங்க. நான் போகும்போதே எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, "குளிருதேன்னு உங்களுக்காக ஹீட்டர் போட்டு வச்சேன்"னாரு மனுஷன், எனக்கு கண்ணு கலங்காத குறை. மறுநாள் காலைல வீட்டு முன்னாடி ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு ஒரு சத்தம், பின்னாடி ஊதா புகை, எதிர் வீட்டு பாட்டி ஜன்னல் தெரை விலக்கி பாக்கறாங்க. சூடா இருந்தா மறைஞ்சிடற நோய் நிறைய இருக்கு. அதனால "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க, போனதும் ஹூட் (பானெட்) மேல கைய வச்சு பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வரேன்னு கிளம்புங்க.

ஹூட்ட திறந்து ஆயில் மூடிய கழட்டி உள்பக்கம் விரல் விட்டு பாருங்க, காபி கலர்ல நுரை மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா கூலண்ட் ஆயில்ல கலந்திருக்கலாம், குளிர் காலத்துல சின்ன சின்ன தூரமே ஓடின வண்டியிலயும் கொஞ்சம் இருக்கும், அதனால டிப்ஸ்டிக்க (ஆயில் அளக்கற குச்சி) இழுத்து அதுலயும் பாருங்க, அங்கயும் பால் மாதிரின்னா ஓடிடுங்க. கூலண்ட் டப்பா காலியா இருக்கா, மேல எண்ணெய் மிதக்குதா. ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டுல திறந்துடாதீங்க.

அப்புறம் துரு. இந்த ஊர்ல ரோட்டுல உப்பு போடறதால வண்டி கீழ இருந்துதான் சாகும். மண்டி போட்டு கதவுக்கு கீழ ஓடற பட்டைய ஸ்குரூடிரைவர் பின்பக்கத்தால தட்டுங்க, டங்குன்னு கேட்டா ஓகே, பொத்து பொத்துன்னு கேட்டா உள்ள ஒண்ணும் இல்ல. மேலாக்க துரு பரவால்ல, ஓட்டைதான் ஆகாது. டிரங்க்ல ஸ்டெப்னி இருக்கற பள்ளத்த தூக்கி பாருங்க, தண்ணி நிக்குதா, மண்ணு படிஞ்சிருக்கா. டயர் பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கிற வரிசையில கடைசி 4 நம்பர், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நாலு டயரும் வேற வேற கம்பெனின்னா அந்த ஓனர் மத்த விஷயத்துலயும் அப்படித்தான் இருந்திருப்பாரு.

படி 5: ஓட்டி பாருங்க, ரேடியோ ஆஃப்ல

சாவிய ஆன் பண்ணதும் செக் எஞ்சின் லைட்டு எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனப்புறம் அணையணும். எரியவே இல்லன்னா பல்ப கழட்டியிருக்கலாம். 20 டாலருக்கு ஓபிடி (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்கறது) ப்ளூடூத் டப்பா ஒண்ணு வாங்கிக்கோங்க, 1996க்கு அப்புறம் வந்த எல்லா வண்டியிலயும் ஸ்டீயரிங் கீழ குத்தலாம், ஃபோன்ல தெரியும். கோளாறு கோடு இல்லன்னு சந்தோஷப்படாதீங்க, வண்டி தன்னையே செக் பண்ணி முடிச்சிருக்கான்னு காட்டற ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல நிறைய "நாட் ரெடி"ன்னு காட்டினா நீங்க வர்றதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடிதான் கோட அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரிய கழட்டியிருக்காங்க.

முதல்ல பார்க்கிங் லாட்ல நடக்கற வேகத்துல ஓட்டுங்க, பிரேக்ல இருந்து கால எடுத்து, மெதுவா மிதிச்சு, நிறுத்தி, மறுபடி. கியர்பாக்ஸ் உதறுதான்னு இந்த வேகத்துலதான் தெரியும், விக்கறவர் உங்கள நேரா ஹைவேக்கு கூட்டிட்டு போகத்தான் பாப்பாரு. அப்புறம் ஹைவே போங்க, 70 மைல் வேகத்துல ஸ்டீயரிங் ஆடுதா, ஆளில்லாத ரோட்ல நல்லா பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா. ஹீட்டர் ஏசி ரெண்டையும் போடுங்க, ஹீட்டர் போட்டதும் இனிப்பா ஒரு வாசனை வந்தா கூலண்ட் உள்ள கசியுது.

படி 6: மெக்கானிக்

இவ்ளோ பாத்தும் 150 டாலர் குடுத்து வெளி மெக்கானிக் கிட்ட தூக்கி பாக்க சொல்லுங்க, இங்க மிச்சிகன்ல வருஷா வருஷம் வண்டிய செக் பண்ற சட்டமே இல்ல, அதனால உங்களுக்கு முன்னாடி யாரும் அடியில எட்டி பாத்திருக்கவே மாட்டாங்க. மெக்கானிக்க விக்கறவர் சிபாரிசு பண்ணக்கூடாது, அது முக்கியம். மெக்கானிக் கிட்ட போகவே வேணாம்னு சொன்னா அதுவும் ஒரு பதில்தான்.

படி 7: பேரம், பேப்பர்

மெக்கானிக் எழுதி குடுத்த லிஸ்ட்தான் உங்க பேரம். "பிரேக்குக்கு 300, டயருக்கு 400, அத கழிச்சுக்கோங்க"ன்னு அமைதியா சொல்லிட்டு வாய மூடிக்கோங்க, அடுத்து அவர்தான் பேசணும். டீலர் கிட்ட வாங்கினா ஜன்னல்ல பையர்ஸ் கைடுன்னு ஒரு தாள் ஒட்டியிருக்கணும், அதுல "ஆஸ் இஸ்" டிக் பண்ணியிருந்தா கேட்ட தாண்டினதும் உங்க பாடு. டாக் ஃபீ (பேப்பர் வேலைக்கு), அந்த ஃபீ, இந்த ஃபீன்னு கடைசியில சேப்பாங்க, எல்லாம் சேந்து எவ்ளோன்னு ஒரே நம்பர முதல்லயே எழுதி வாங்கிடுங்க.

தனி ஆள் கிட்ட வாங்கினா அவர் பேங்க்லயே போய் காசு குடுங்க, டைட்டில்ல கையெழுத்து, தேதி, மைல் எல்லாம் உங்க முன்னாடி எழுதணும், அடித்தல் திருத்தல் கூடாது. டாக்ஸ் மிச்சம் பண்ண 4000ஐ 1500னு எழுதிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, வேணாம், இங்க மார்க்கெட் விலையா வாங்கின விலையா எது அதிகமோ அதுக்குத்தான் டாக்ஸ், அதோட விசாவுல இருக்கறவனுக்கு பொய் கையெழுத்து எதுக்கு. நம்பர் பிளேட்ட பழைய ஓனர் கழட்டி எடுத்துக்குவாரு. இன்சூரன்ஸ் எடுத்துட்டு 15 நாளைக்குள்ள செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ்ல (நம்ம ஊர் ஆர்டிஓ மாதிரி) டைட்டில உங்க பேருக்கு மாத்தணும், முடிஞ்சா விக்கறவரையும் கையோட கூட்டிட்டு போயிடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டாவது சாவிய கேளுங்க. நான் கேக்கல, சிப் வச்ச சாவி இன்னொண்ணு போட 180 டாலர் ஆச்சு, அதுவும் இருந்த ஒரு சாவி க்ரோகர் மளிகைக்கடை பார்க்கிங் பனியில விழுந்ததுக்கு அப்புறம்.